கண்ணாடிப் படத்தில் இருமிய சவரிமுத்து

போன சனிக்கிழமை நடந்தவை, நடந்த வரிசையிலேயே:

1. இராயபுரம் மார்க்கெட் தெருவில் விளக்கு வைக்கும் நேரத்தில் மின்சாரம் நின்றுபோனது.
2. வேர்க்கடலை விற்பவர் தள்ளுவண்டிக்கு அடியிலிருந்து பழைய கார்பைடு விளக்கை எடுத்து, அதில் கொஞ்சம் தண்ணீர் விட்டார்.
3. நனைந்த கார்பைடின் வாடை, கெட்டுப்போன பூண்டு மாதிரி, என் மூக்கில் ஏறியது.
4. நான் என்னை அறியாமல், "திரையை நனைச்சாச்சா?" என்று கேட்டேன்.
5. கடலைக்காரர், "இன்னா திரை? இன்னாம்மா சொல்ற?" என்றார்.
6. கடலை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எதையும் இலக்கம் போட்டு எழுதினால்தான் எனக்கு மனசு நிலைகொள்ளும். வீட்டில் இதைக் கேலி செய்வார்கள். உப்பு ஒன்றுதான் வாங்க வேண்டும் என்றாலும் '1. உப்பு' என்று சீட்டு எழுதிக்கொண்டு கடைக்குப் போனவள் நான். ஆனால் அந்தக் கார்பைடு வாடை கிளப்பிவிட்ட விஷயம் இலக்கத்துக்கு அடங்குவதாக இல்லை. அதனால் இனி வருவதை வந்தபடி சொல்லிவிடுகிறேன்.

திரை என்றதும் சினிமாக் கொட்டகையை நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் திரை மீன்பிடிக்கிற படகின் பாய். சுகாதாரப் பிரசாரத்துக்கு ஒரு மாஜிக் லாந்தர் கொடுத்திருந்தார்கள்; உள்ளே கார்பைடு விளக்கு எரியும், முன்னால் செருகிய கண்ணாடிப் படம் திரையில் பெரிதாக விழும். திரை கொடுக்க மறந்துவிட்டார்கள். குப்பத்துக்குப் போய் யாரிடமாவது பாய் கேட்போம். இரண்டு மூங்கிலில் கட்டித் தண்ணீர் தெளித்து நனைப்போம். நனைந்த துணியில் வெளிச்சம் ஊடுருவும், பின்பக்கம் உட்கார்ந்தவர்களுக்கும் படம் தெரியும். பாயில் ஒட்டுப்போட்டிருக்கும். படத்தில் வரும் ஆளின் மூக்கு ஒட்டுத் துணியில் விழுந்தால் மூக்கு மட்டும் கருத்துத் தெரியும். மீன் எண்ணெய் வாடையும் கார்பைடு வாடையும் கலந்து வரும். அதுதான் என் முதல் உத்தியோகத்தின் வாசனை.

இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நான் அந்தப் பிரசார வேலைக்குச் சேர்ந்தேன். சுகாதாரப் பயிற்சியில் தேறியிருந்தேன். அது போக, ஒரு ஸ்டூடியோவில் சில மாதம் கண்ணாடித் தகடு கழுவவும், படத்துக்குச் சாயம் தீட்டவும் கற்றிருந்தேன். அப்பா ரயில்வே பட்டறையில் இருந்தவர். அதனால் எரிகிற எதையும் கழற்றி மாட்ட எனக்குப் பயம் கிடையாது. லாந்தரை ஏற்றுவது, படத்தை மாற்றுவது, தகட்டைப் பஞ்சு வைத்துப் பெட்டியில் அடுக்குவது எல்லாம் என் வேலை. பேசுவது எங்கள் டாக்டரின் வேலை. நீளக் கோலால் படத்தைத் தொட்டுத் தொட்டுப் பேசுவார். ஜனங்களுக்கு நான் நர்ஸும் இல்லை, டீச்சரும் இல்லை. 'படக்காரம்மா' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

நாங்கள் சொன்னவை புதிதாக ஒன்றுமில்லை. தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். கண்ட இடத்தில் துப்பாதீர்கள். இருமும்போது வாயை மூடுங்கள். ஒரே தம்ளரில் வாய்வைத்துப் பத்துப் பேர் குடிக்காதீர்கள். ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்குங்கள். சடையங்குப்பத்தில் இந்தக் கடைசி விஷயத்தைச் சொன்னபோது ஒருவர் எழுந்து, "தொறக்கறோம் சார். மொதல்ல ஆளுக்கு ஒரு ஜன்னலு குடுத்துட்டுப் போ" என்றார். டாக்டர் அன்று சீக்கிரமாகவே அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

படங்கள் சீமையிலிருந்து வந்தவை. க்ஷயரோகத்தைப் பற்றிய படத்தில் கணப்பு எரியும் அறை, மெத்தை போட்ட நாற்காலி, அதில் கோட்டுப் போட்ட ஒரு துரை. கைக்குட்டையை வாயில் வைத்து இருமுவார். ஜனங்கள் அவரிடம் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார்கள். "பாவம், தொரைக்கு எளப்பு நோவு" என்று வருத்தப்பட்டார்கள். அடுப்புப் பக்கத்தில் கோட்டோடு உட்கார்ந்தால் வேறென்ன வரும் என்று ஒரு பெண் கேட்டாள். பார்த்தவர்களில் ஒருவருக்கும் அந்த நோய் தனக்கும் வரலாம் என்று தோன்றவில்லை. துப்புகிறவர்கள் படம் பார்த்துக்கொண்டே மணலில் துப்பினார்கள்.

டாக்டர் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். படத்தில் இருப்பவன் இந்த ஊர்க்காரனாக இருக்க வேண்டும். கயிற்றுக் கட்டில் வேண்டும், தோளில் துண்டு வேண்டும். யோசனை சரிதான், இன்றைக்கும் அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன்.

ஆள் கிடைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. எங்கள் காமிராவுக்கு ஆள் சற்று நேரம் அசையாமல் இருந்தாக வேண்டும். வந்தவர்கள் எல்லோரும் அசைந்தார்கள். ஒருவர் சிரித்தார். ஒருவர் முடிந்துவிட்டதா என்று தலையைத் திருப்பிப் பார்த்து, தகட்டில் இரண்டு தலையோடு விழுந்தார். அப்போது யாரோ சவரிமுத்துவை அழைத்து வந்தார்கள்.

சவரிமுத்து துறைமுகத்துப் பக்கம் நிலக்கரிக் கிடங்கில் கூடை சுமப்பவர். கன்னம் ஒட்டி, எலும்பு தெரிய இருப்பார். அது அவர்கள் குடும்ப வாகு, உடம்பில் பலத்துக்குக் குறைவில்லை. அவரிடம் இன்னொரு திறமையும் இருந்தது. மாதா கோவிலில் ஏசுவின் பாடுகளைக் காட்ட வருஷந்தோறும் நடக்கும் பாஸ்கா நாடகத்தில் அவர் கல்லறைக்குக் காவல் நிற்கும் சேவகன் வேஷம் அவருக்குத்தான். ஈட்டியைப் பிடித்துக்கொண்டு கண் இமைக்காமல் நிற்க வேண்டும். கொசு கடித்தாலும் அசையமாட்டாராம்.

ஆபீஸ் தாழ்வாரத்தில் கட்டிலைப் போட்டு உட்கார வைத்தோம். கண்ணுக்குக் கீழே அடுப்புக் கரியை நான்தான் தடவினேன். "இன்னும் கொஞ்சம் தடவும்மா. கரி எனக்குப் புதுசா?" என்றார். துண்டை வாயருகே பிடித்துக்கொண்டார். மூக்கில் ஈ உட்கார்ந்தது. அவர் அசையவில்லை. ஈ தான் அசைந்தது. தகட்டில் அது விழவும் இல்லை.

கண்ணாடியில் படம் எடுத்தபிறகு சாயம் தீட்டும் வேலை. துண்டில் சிவப்பு வைக்கச் சொன்னார் டாக்டர். ஒரு பொட்டு வைத்தேன். "இன்னும் கொஞ்சம்" என்றார். பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு, மயிரிழை போன்ற தூரிகையால் இன்னும் கொஞ்சம் வைத்தேன். எனக்குப் பிடித்தமான வேலை அது. நன்றாகவே வந்தது.

முதல் காட்சி இராயபுரம் கடலோர மணலில். சீமைப் படங்களைக் காட்டியவரை வழக்கமான பேச்சும் கடலை கொறிக்கும் சத்தமும் இருந்தன. சவரிமுத்துவின் படத்தைப் போட்டேன். பேச்சு நின்றது. அலைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு பெண்ணின் குரல், "ஐயோ, நம்ம சவரி" என்றது. டாக்டர் லாந்தர் பக்கம் திரும்பி எனக்குத் தலையசைத்தார். பிரசாரம் பலித்துவிட்டது என்று அர்த்தம்.

சவரிமுத்துவும் அன்று வந்திருந்தார். தன் படம் பாய் அளவுக்குப் பெரிதாகத் தெரிவதைப் பார்க்கத் தலைவாரிக்கொண்டு வந்து, கூட்டத்தின் நடுவே உட்கார்ந்திருந்தார். ஜனங்கள் படத்தைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள். பக்கத்திலிருந்தவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்திலிருந்தவரும் நகர்ந்தார். லாந்தர் வெளிச்சத்தில் நான் பார்க்கும்போது சவரிமுத்துவைச் சுற்றி வெறும் மணல்தான் இருந்தது.

அதற்கு அடுத்த நாளே அவருடைய மனைவி ரோசம்மா ஆபீசுக்கு வந்தாள். மீன் கூடையை வாசலில் வைத்துவிட்டு நேரே என்னிடம் வந்தாள்.

"யம்மா, எங்க வூட்டு ஆளு நல்லா துன்னுட்டு நல்லா தூங்கிகினு கீது. அத்தப் போயி எளப்புக்காரன்னு துணியில காட்டிட்டியே. காலைல மேஸ்திரி தோள்ல கை வெக்கல."

இதை விளக்க வேண்டும். நிலக்கரிக் கிடங்கில் தினக்கூலி. விடியற்காலையில் எல்லோரும் கதவருகே வரிசையாக நிற்பார்கள். மேஸ்திரி பொன்னுரங்கம் நடந்துகொண்டே வேண்டியவர்களின் தோளைத் தொடுவார். தொடப்பட்டவர் உள்ளே போகலாம். அன்று மேஸ்திரி சவரிமுத்து வரைக்கும் வந்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அடுத்தவரின் தோளைத் தொட்டிருக்கிறார்.

"நாளைக்கும் வெக்கலன்னா நாங்க இன்னா துன்றது? உன் லாந்தரையா?" என்றாள் ரோசம்மா.

டாக்டர் நல்ல மனுஷர். உடனே சவரிமுத்துவை வரவழைத்து மார்பிலும் முதுகிலும் குழாய் வைத்துப் பார்த்தார். நோய் எதுவும் இல்லை. அப்படியே எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு போன சவரிமுத்து சுருட்டிய காகிதத்தோடு திரும்பி வந்தார். மேஸ்திரி சொன்னதை அப்படியே நடித்துக் காட்டினார்:

"இன்னா நைனா, காயிதம் காட்ற? நீ ரத்தமா இருமிகினு கீறத என் கண்ணால பாத்தேன். காயிதம் பெரிசா, கண்ணு பெரிசா? போட்டோ பொய் சொல்லுமா?"

அந்தப் படத்தை இராயபுரத்தில் இனி காட்டுவதில்லை என்றார் டாக்டர்.

"காட்டலன்னா செத்துப் பூட்டான் போலன்னுவாங்க, ஐயா" என்றார் சவரிமுத்து.

டாக்டர் இன்னொரு வழி சொன்னார். கட்டிலில் இருப்பவன் சொன்னபடி நடந்து குணமாகி, கூடை தூக்கி நிற்பதுபோல இன்னொரு படம் எடுக்கலாம். இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டலாம். பிரசாரத்துக்கும் நல்லது. எனக்கு இந்த யோசனை பிடித்திருந்தது. முன்பு, பின்பு என்று தகட்டில் எழுதக்கூட இடம் பார்த்துவிட்டேன்.

சவரிமுத்து பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வந்து, அப்பறம் சரியாப் பூட்ச்சின்னு காட்னா, வந்துச்சின்னு தானே ஐயா அர்த்தம்? வராத நோவுலேர்ந்து நான் எப்டி பொயைக்கிறது?" என்றார்.

டாக்டர் இரண்டாவது படத்தின் யோசனையை விட்டுவிட்டார். நாட்கள் போய்க்கொண்டிருந்தன. சவரிமுத்து தினமும் விடியற்காலை வரிசையில் நின்றுவிட்டு, வெயில் ஏறியதும் எங்கள் ஆபீஸ் படியில் வந்து உட்கார்ந்துகொள்வார். கோபமாகப் பேசமாட்டார். சும்மா உட்கார்ந்திருப்பார். அசையாமல் இருப்பதில் அவருக்கு இருந்த பழக்கத்தைப் பற்றித்தான் சொன்னேனே. அந்தப் படியைத் தாண்டித்தான் நான் உள்ளே போக வேண்டும்.

வழி சொன்னவள் ரோசம்மா. கணவனுக்குச் சோறு எடுத்துவந்தவள் என்னைக் கூப்பிட்டாள். "பாஸ்காவுல ஏசுவக் காட்டிக் குடுக்கற யூதாஸ் வேசம் கட்றவன் கீறானே, அவனுக்கு இன்னா பண்ணுவோம் தெரியுமா? ஆட்டம் முடிஞ்சதும் மேடையிலயே, அல்லார் எதிர்லயும், மூஞ்சக் கய்வி வுடுவோம். அப்பறம் அவன எவனும் யூதாஸுன்னு கூப்டக் கூடாது. கூப்ட்டா நாட்டாமை கேப்பாரு."

"கழுவலைன்னா?"

"ஒரு வருசம் மழ வந்து ஆட்டம் பாதியில நின்னு பூட்ச்சி. கய்வல. பாவம், அந்த ஆளுகிட்ட வருசம் பூரா ஒருத்தரும் மீனு வாங்கல. இதுவும் வேசந்தானே? நீங்க கரி பூசினீங்க, கய்வி வுடல."

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கழுவிக் காட்டினால் அவன் பிழைத்துக்கொள்வான். அப்புறம் அந்தப் படத்தை யார் நம்புவார்கள்? வாயை மூடி இருமுகிறவன் ஒருவன்கூட இருக்கமாட்டான்" என்றார். அது உண்மையென்று எனக்கும் தெரியும். அந்தப் பேட்டையில் நிஜமாகவே இருமுகிறவர்கள் இருந்தார்கள். அவர்களுக்காகத்தான் படமே. நான் சொன்னது ஒன்றுதான்: "நல்லா இருக்கிற ஒருத்தர் நம்மாலே வேலையில்லாமல் படியில் உட்கார்ந்திருக்கிறார், ஐயா. அவரைத் தாண்டிப் போய் யாரிடம் சுகாதாரம் பேசுவது?"

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "சோப்புப் போட்டுக் கழுவட்டும். ஜனங்கள் அதையாவது பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்" என்றார்.

மேஸ்திரி பொன்னுரங்கம் கடலோரக் காட்சிக்கு இன்னொரு தரம் வரமாட்டார் என்பதால், கிடங்குக்கே லாந்தரை எடுத்துப் போனோம். சங்கு ஊதி வேலை முடிந்து, இருட்டத் தொடங்கும் நேரம். கரிக் குவியல்களுக்கு நடுவில் படகுப் பாயைக் கட்டி, அதற்கு முன்னால் ஆபீஸ் கட்டிலைப் போட்டோம். மேஸ்திரிக்கு மட்டும் நாற்காலி. மற்றவர்கள் கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்தார்கள்.

நான் படத்தைப் போட்டேன். சவரிமுத்து எழுந்துவந்து பாய்க்கு முன்னால் கட்டிலில் உட்கார்ந்தார். எல்லோரும் பார்க்க, கண்ணுக்குக் கீழே கரி தடவினேன். துண்டை வாயருகே பிடித்துக்கொண்டு, படத்தில் உள்ளபடியே அசையாமல் இருந்தார். பாயில் ஒரு சவரி, கீழே ஒரு சவரி. கூட்டத்தில் ஒருவர், "டேய், ரெண்டும் ஒண்ணா கீதுடா" என்றார்.

ரோசம்மா தவலையோடு வந்தாள். கார்பாலிக் சோப்பின் வாடை கார்பைடு வாடையை அமுக்கிக்கொண்டு வந்தது. சவரிமுத்து குனிந்தார். அவள் தண்ணீரை ஊற்றி, சோப்பைப் போட்டு, பிள்ளைக்குத் தேய்க்கிற மாதிரி அழுத்தித் தேய்த்தாள்.

"கண்ணுல பூதுடி."

"பூவட்டும். படத்துக்கு ஒக்காரப் போனியே, அப்போ கண்ணு எங்க போச்சி?"

சிரிப்பு எழுந்தது. மேஸ்திரி சிரிக்கவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து பக்கத்தில் வந்து, சவரிமுத்துவின் முகவாயைப் பிடித்து லாந்தர் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"காதாண்ட இன்னும் கீது, கய்வு" என்றார்.

ரோசம்மா காதருகே கழுவினாள். மேஸ்திரி மறுபடி பார்த்தார். பிறகு ஈரமான தோளில் கையை வைத்தார். "வேசம் கட்டினா மொதல்லயே சொல்றதில்ல? பேஜாரு புட்ச்சவனே. காலைல வா."

சவரிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க ஒன்றும் மிச்சமில்லாதபோதும் துடைத்தார்.

டாக்டர் சொன்னதும் நடந்தது. செய்தி எங்களுக்கு முன்னால் ஊர் ஊராகப் போய்விட்டது. திருவொற்றியூரில் அந்தப் படத்தைப் போட்டதும், "மூஞ்சக் கய்வு சவரி" என்று கூட்டம் முழுக்கச் சிரித்தது. எண்ணூரில் ஒருவர், நிஜமாகவே இருமிக்கொண்டு, "இதெல்லாம் வேசம் நைனா" என்று பக்கத்திலிருந்தவருக்கு விளக்கினார். அவருடைய பெயரையும் வீட்டையும் விசாரித்துக்கொண்டு மறுநாள் டாக்டரும் நானும் போனோம். ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதிக்க வைக்கப் பல தடவை நடக்க வேண்டியிருந்தது. அந்தப் படத்தைப் பெட்டியில் தனியாக வைத்துவிட்டோம். கோட்டுப் போட்ட துரை மறுபடியும் வந்து இருமினார்.

நாங்கள் நினைக்காத ஒன்றும் நடந்தது. கிடங்கில் வேலை முடிந்து போகிறவர்கள் கதவருகே இருந்த குழாயில் சோப்புப் போட்டு முகம் கழுவிக்கொண்டு போகத் தொடங்கினார்கள். முதலில் கேலியாக, மேஸ்திரி மாதிரி ஒருவர் முகவாயை ஒருவர் பிடித்து "காதாண்ட கீது" என்று சொல்லிக்கொண்டு. பிறகு கேலி போய்ப் பழக்கம் மட்டும் நின்றது. சோப்பைப் பற்றி எங்களிடம் ஒரு படம்கூட இருந்ததில்லை.

லாந்தர் வேலையை நிறுத்தியபோது படங்களைக் கட்டிவைக்கச் சொன்னார்கள். ரோசம்மா அதைக் கேள்விப்பட்டு வந்து, அந்தப் படத்தைக் கேட்டாள். "எங்க வூட்டு ஆளோட போட்டோ எங்ககிட்ட வேற எதுவும் இல்லம்மா" என்றாள். டாக்டர் சரி என்றார். கொடுப்பதற்கு முன்னால் ஈரப் பஞ்சால் துண்டிலிருந்த சிவப்பைத் துடைத்தேன். சாயம் மேலே தீட்டியதுதான், சுலபமாக வந்துவிட்டது. கண்ணுக்குக் கீழே இருந்த கரி தகட்டிலேயே பதிந்தது, அது போகவில்லை. ரோசம்மா கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "பரவால்ல, வேலைலேர்ந்து வந்த மூஞ்சி மாதிரிதான் கீது" என்று வாங்கிக்கொண்டாள்.

இப்போது பிரசாரத்துக்கு மோட்டார் வண்டி வருகிறது. அதிலேயே திரை, அதிலேயே மின்சாரம், படங்கள் நடக்கின்றன, ஓடுகின்றன. அவற்றில் வரும் ஆட்கள் யாரென்று ஜனங்களுக்குத் தெரியாது, கேட்பதும் இல்லை. படகுப் பாயை யாரும் இரவல் கேட்பதில்லை. எங்கள் லாந்தர் எந்த அறையில் கிடக்கிறதென்று விசாரித்தேன், தெரியவில்லை என்றார்கள். டாக்டர் மாற்றலாகி வேறு ஜில்லாவுக்குப் போய்விட்டார். கிடங்கின் கதவை வேறு பக்கம் மாற்றிக் கட்டியதில் அந்தக் குழாயும் போய்விட்டது.

கார்பைடு வாடை வந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, ரோசம்மா வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். படம் ஜன்னல் கம்பியில் கட்டியிருக்கிறது. காலை வெயிலில் எதிர்ச் சுவரில் மங்கலாக அவர் உருவம் விழுகிறது. துண்டு வெள்ளையாக இருக்கிறது. சவரிமுத்து வேலை முடிந்து வந்தால் வீட்டுத் தொட்டியில் சோப்புப் போட்டு முகம் கழுவுகிறாராம். வெற்றிலை எச்சிலைக் கண்ட இடத்தில் துப்புவதை விடவில்லை. காலையில் வரிசையில் நிற்கிறார், மேஸ்திரி தோளைத் தொடுகிறார், வேலைக்குப் போகிறார்.